காதுக்கு ஒரு தொடர், கண்ணுக்கு ஒரு தொடர்: வாசகர் கேள்வி-பதில்

தொலைக்காட்சித் தொடர்கள் யாரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கதை, திரைக்கதை, நிகழ்ச்சித் திட்டமிடல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: சீரியல் என்றாலே பெண்களுக்கானது என்கிறார்கள். 'சோப் ஓபரா' என்ற பெயர்கூட அதனால்தான் வந்ததாமே?

பெயர் வந்த கதை உண்மைதான். 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் 15 நிமிடத் தொடர்கள் ஓடின. 1930-ல் சிகாகோவில் இர்னா பிலிப்ஸ் எழுதிய தொடரிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். சோப்புத் தூள் விற்ற பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற கம்பெனிகள்தாம் அவற்றுக்குப் பணம் போட்டன. துவைக்கிற சோப்பை வாங்குவது யார், அவர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், அப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கண்டுபிடித்த பிறகுதான் கதைக்கே வந்தார்கள். அந்தக் காலத்தில் 1937-ல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952-ல் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை ஓடியது. 72 வருடம்!

ஆனால் 'பெண்களுக்கானது' என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தினால் விஷயம் பிடிபடாது. அந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் முக்கியம். பார்க்கிறவர் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? கை வேலையில் இருக்கிறது, கண் அங்கும் இங்கும் போகிறது, காது மட்டும் திறந்திருக்கிறது. அதே நேரத்தில் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆணும், உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவரும் அதே தொடரைத்தான் பார்க்கிறார்கள். வயது, பாலினம் என்பதெல்லாம் விளம்பரம் விற்கப் பயன்படும் கட்டங்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது அந்த அறையும் அந்த நேரமும்.

கேள்வி: ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்கிறார்கள், பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள், ஒருவர் பேசினால் ஆறு முகத்தைக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு மூளை இல்லை என்று நினைப்பா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திரும்பச் சொல்வதும் பெயர் சொல்லி அழைப்பதும் காதுக்காக. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1961 முதல் காலையில் தொடர் ஒளிபரப்பிவருகிறது; 1962 முதல் அது 15 நிமிடத் தொடர். வேலைக்கும் பள்ளிக்கும் ஊரே கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம். யாரும் திரைக்கு எதிரே உட்கார மாட்டார்கள் என்று தெரிந்துதான் அதில் கதைசொல்லியின் குரலுக்கு அவ்வளவு இடம் கொடுத்தார்கள். திரையைப் பார்க்காமலே கதை புரியும். அந்த வரிசையில் 1983-84-ல் வந்த 'ஓஷின்' சராசரியாக 52.6 சதவீத ரேட்டிங் வாங்கியது. மூளை இல்லாதவர்களுக்காக எழுதியிருந்தால் அந்த எண்ணிக்கை வந்திருக்காது.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பார்த்தால் தெளிவாகும். கணவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மனைவி கையில் கிடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பகல் தொடருக்கு எழுதினால்: அவள் கடிதத்தைப் பிரித்து வாய்விட்டுப் படிப்பாள். "இம்மாதம் 5-ஆம் தேதியுடன் தங்கள் பணி முடிவுக்கு வருகிறது... 5-ஆம் தேதியா? இன்னிக்கு 15. அப்படின்னா இந்தப் பத்து நாளா இவர் பையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறார்?" உள்ளேயிருந்து மாமியார் குரல்: "யார்கிட்டேருந்தும்மா லெட்டர்?" அவள் மறைக்கிறாள். யாருக்கு என்ன நடந்தது, அது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற மொத்தமும் காதாலேயே வந்துவிட்டது. இரண்டு, இரண்டரை நிமிடம் பிடிக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு, வேலை முடித்து உட்கார்ந்து பார்ப்பவருக்கு எழுதினால்: கடிதம் ஏற்கெனவே பிரிந்து அவள் கையில் இருக்கிறது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு லேட்டாகுமா?" என்கிறாள். "மீட்டிங் இருக்கு" என்கிறான். பையை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். 50 விநாடி. இதில் பாதி கண்ணுக்கு. அந்த முதுகுப் பக்கத்து ஷாட்டைப் பார்க்காதவருக்குக் காட்சியே இல்லை.

ஓடிடியில், விட்டதைப் பின்னால் ஓட்டிப் பார்க்கக்கூடியவருக்கு எழுதினால் கடிதமே வேண்டாம். ஒருவன் பூங்காவில் பையோடு உட்கார்ந்திருக்கிறான். மணி பதினொன்று. போன் அடிக்கிறது, திரையில் 'வீடு' என்று வருகிறது. எடுக்கவில்லை. ஏன் என்பதை இரண்டாவது எபிசோடில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் போடும்போது. இரவுத் தொடரின் மௌனத்தை மதியத்தில் வைத்தால், ஐந்து விநாடி தலை குனிந்தவருக்குக் கதை அறுந்துபோகும். மூன்று நாள் அப்படி ஆனால் வேறு சேனலுக்குப் போய்விடுவார். மதியத் தொடரின் வசனத்தை ஓடிடியில் வைத்தால் வேகத்தை ஒன்றரை மடங்காக்கி ஓட்டிவிடுவார்கள்.

திரும்பச் சொல்வதிலும் நல்லது கெட்டது உண்டு. 22 நிமிட எபிசோடில் அந்த வாரத்தின் முக்கியச் செய்தியை இரண்டு இடத்தில் சொல்லலாம். முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை, நடு விளம்பர இடைவேளை முடிந்ததும் ஒரு தடவை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வாயிலிருந்து, வேறு உணர்ச்சியோடு வரவேண்டும். மனைவி பயத்தோடு சொன்னதைத் தம்பி கோபத்தோடு சொன்னால் அது புதுக் காட்சி. அதையே அவள் இன்னொருத்தரிடம் அதே அழுகையோடு சொன்னால் அதுதான் நீங்கள் சொல்லும் 'நாலு தடவை'. அது சோம்பல். அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆறு முகம் காட்டுவதற்கு வருவோம். சின்னத் திரையில் முகம்தான் தெரியும் என்பது ஒரு காரணம். கூட்டுக் குடும்பக் காட்சியில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு பார்வையாளருக்குப் பிரதிநிதி என்பது இன்னொன்று. மருமகளாக இருப்பவர் மருமகள் முகத்தைத் தேடுவார், மாமியாராக இருப்பவர் மாமியார் முகத்தை. மூன்றாவது காரணம் தயாரிப்புச் சிக்கல். நாளுக்கு ஓர் எபிசோட் அளவு எடுத்தாக வேண்டிய தினத்தொடரில் எழுத்து குறைந்துபோனால் முகங்களை வைத்து நிமிடத்தை நிரப்புவார்கள். எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆறு முகத்திலும் ஆறு வேறு எண்ணம் ஓடினால் அது எழுதப்பட்ட காட்சி. ஆறும் ஒரே அதிர்ச்சியில் இருந்தால் நிரப்பியது.

கேள்வி: எந்த நேரத்தில் எந்த மாதிரிக் கதை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதை மிகத் தெளிவாக வகுத்துக்கொண்டது பிரேசிலின் குளோபோ சேனல். மாலை ஆறு மணித் தொடர் பெரும்பாலும் பழைய காலத்துக் கதை அல்லது மென்மையான காதல். ஏழு மணிக்கு நகைச்சுவை கலந்த, துள்ளலான கதை. பிறகு செய்தி. அது முடிந்ததும் அன்றைய முக்கியத் தொடர். குடும்பச் சண்டை, துரோகம், அரசியல், சமூகப் பிரச்சினை எல்லாம் அதில்தான். அதைப் பல வருடம் எட்டு மணித் தொடர் என்றே அழைத்தார்கள். 2011 முதல் ஒன்பது மணித் தொடர் என்றாயிற்று.

அந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது பிள்ளைகளும் முதியவர்களும். ஏழுக்கு வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். பாதியில் வந்து உட்கார்ந்தாலும் சிரிக்க முடிகிற கதை வேண்டும். செய்தி முடிந்த பிறகு எல்லோரும் இருக்கிறார்கள். கனமான கதையைத் தாங்குவார்கள். செய்தியை இரண்டு தொடர்களுக்கு நடுவில் வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். முந்தையதைப் பார்த்தவர் அப்படியே இருப்பார், பிந்தையதற்கு வருகிறவர் கொஞ்சம் முன்னாலேயே வந்து உட்காருவார். புதுத் தொடரையும் இப்படித்தான் நன்றாக ஓடும் இரண்டுக்கு நடுவில் வைத்து அறிமுகப்படுத்துவது வழக்கம்.

இதில் அடிக்கடி செய்யும் தவறு, ஓடிக்கொண்டிருக்கும் தொடரை நேரம் மாற்றுவது. அந்த நேரத்தில் இருந்த ஆட்கள் கதையோடு கூடவே புது நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். வரமாட்டார்கள். அவர்களுடைய அந்த அரைமணி நேரம்தான் தொடருக்குச் சொந்தம்.

கேள்வி: நல்ல ரேட்டிங் வாங்கிய தொடரை நிறுத்துகிறார்கள், குறைவாக வாங்கியதை இழுக்கிறார்கள். இந்த டி.ஆர்.பி. கணக்கு என்னதான்?

முதலில் இரண்டு எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 100 வீடுகளில் டி.வி. இருக்கிறது. இரவு எட்டரைக்கு அதில் 40 வீட்டில் ஓடுகிறது, 10 வீட்டில் உங்கள் தொடர். ரேட்டிங் 10. ஓடுகிற 40-ல் 10 என்பதால் ஷேர் 25 சதவீதம். மதியம் இரண்டுக்கு 12 வீட்டில்தான் டி.வி. ஓடுகிறது, அதில் 6 வீட்டில் இன்னொரு தொடர். ரேட்டிங் 6, ஷேர் 50. முதல் தொடரில் விளம்பரம் விற்பது சுலபம். ஆனால் தன் நேரத்தைக் கட்டி ஆள்வது இரண்டாவதுதான். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அதை அசைக்க யோசிப்பார்.

அடுத்தது, 'எத்தனை பேர்' என்பதைவிட 'எப்படிப்பட்டவர்கள்' என்ற கேள்வி. 1971-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனல், கிராமப்புறப் பின்னணி கொண்ட தன் நிகழ்ச்சிகளைக் கொத்தாக நிறுத்தியது. அவற்றில் சில அப்போதும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பார்த்தவர்கள் வயதில் மூத்தவர்கள், சிற்றூர்க்காரர்கள். விளம்பரதாரர்களோ நகரத்து இளைஞர்களைக் கேட்டார்கள். இதற்கு நேர்மாறானது 1981-ல் இன்னொரு அமெரிக்க சேனலான என்.பி.சி.யில் தொடங்கிய 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' என்ற போலீஸ் தொடர். முதல் பருவத்தில் ரேட்டிங் மிகக் குறைவு. ஆனால் பார்த்தவர்கள் இளம் வயதினர், நகரவாசிகள், நல்ல வருமானம் உள்ளவர்கள். விருதுகளும் குவிந்தன. 1987 வரை ஓடியது. ஒரே எபிசோடில் பல கதைகளைப் பின்னிக்கொண்டு போகும் அதன் பாணியைப் பின்னால் வந்த எத்தனையோ தொடர்கள் எடுத்துக்கொண்டன. மூத்தவர்களையும் சிற்றூர்க்காரர்களையும் கணக்கிலிருந்து தள்ளிவிடும் இந்த முறை அநியாயமானது என்பதே எங்கள் கருத்து. ஆனால் விளம்பரத்தை நம்பி நடக்கும் சேனல் இப்படித்தான் முடிவெடுக்கும் என்பதை எழுத வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கையின் நடுக்கம். ரேட்டிங் எடுக்க எல்லா வீட்டிலும் கருவி வைப்பதில்லை, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில்தான். மொத்த மாதிரி பெரிதாகவே இருக்கும். ஆனால் 'நகரம், 22-30 வயது, பெண்' என்று வடிகட்டிக்கொண்டே போனால் 400 பேர்தான் மிஞ்சுவார்கள் என்று வையுங்கள். ரேட்டிங் 2 என்றால் 8 பேர். அதில் மூன்று பேர் ஒருநாள் வெளியே போனால் ரேட்டிங் 1.25. புள்ளியியல்படி அந்த 2 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உண்மை 0.6 முதல் 3.4 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் கதாநாயகியின் குணத்தை மாற்றுகிறவர்கள் உண்டு. நான்கு வாரச் சராசரி சரிந்தால் மட்டும் கதையில் கை வையுங்கள். அப்போதும் எந்த நிமிடத்தில் ஆட்கள் போனார்கள் என்பதை முதலில் பாருங்கள். முதல் விளம்பரத்தில் போனார்களா, ஒரு குறிப்பிட்ட டிராக் (கிளைக்கதை) தொடங்கியதும் போனார்களா என்பதில் வைத்தியமே வேறாகிவிடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்றால் மட்டும் ஏன் பெரிய திருப்பம்?

அடுத்த எபிசோடுக்கு இடையில் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு கனமான கொக்கி, அதாவது அடுத்ததைப் பார்க்க இழுக்கும் முடிவு, வேண்டும். ஒருநாள் இடைவெளிக்கு ஒரு பார்வை போதும். வாரக் கடைசிக்கு ஒரு முடிவு தொங்கவேண்டும். மாதக்கணக்கில் இடைவெளி என்றால் உயிரே தொங்கவேண்டும். 1980 மார்ச்சில் 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் பருவம், அதன் வில்லத்தனமான எண்ணெய் முதலாளி ஜே.ஆர். சுடப்படுவதோடு முடிந்தது. சுட்டது யார் என்று சொல்ல நவம்பர் 21 ஆயிற்று. அன்றைக்கு அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

அது ஏன் வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். 'பிழைப்பானா?' என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். 'யார்?' என்று கேட்டதால் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போட முடிந்தது. அவனைக் கொல்ல நினைக்கும் காரணம் பல பேருக்கு இருந்தது. கொக்கி போடும்போது இரண்டு பேர் இரண்டு விடை சொல்ல இடம் வைக்க வேண்டும். கதவு திறந்ததும் அதிர்ச்சி, திங்கட்கிழமை பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ற வகைப் பொய்க் கொக்கியை இரண்டு தடவை போட்டால் மூன்றாவது தடவை யாரும் கடிக்க மாட்டார்கள்.

கேள்வி: நல்ல கருத்தைச் சொல்லத்தானே தொடர் எடுக்கிறோம் என்கிறார்கள். அது மக்களிடம் நினைத்தபடி போய்ச் சேருகிறதா?

நினைத்தபடி என்று சொல்ல முடியாது. இதற்கு 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் போல வேறு பாடம் இல்லை. அது எடுக்கப்பட்ட முறையிலிருந்து தொடங்குவோம்.

மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் 1970களில் ஒரு முறையை வகுத்தார். தொடரில் மூன்று வகைப் பாத்திரங்கள்: நல்வழியில் நிற்பவர், அதற்கு எதிரானவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறி மெல்ல மாறுபவர். பார்வையாளர் அந்த மூன்றாவது ஆளோடுதான் நடப்பார் என்பது கணக்கு. முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்காக அவர் எடுத்த தொடர்கள் பெரிதும் பேசப்பட்டன. அதே முறையில் 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார். எபிசோடின் முடிவில் நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். மொத்தம் 156 எபிசோடுகள்.

முதல் 13 எபிசோடுகள் சரியாகப் போகவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. உபதேசம் என்று தெரிந்ததும் ஆட்கள் எழுந்துபோனார்கள். பிரசாரத்தைக் குறைத்து, குடும்பத்துக்குள் பெண்ணின் நிலை, வரதட்சணை, குடி போன்றவற்றுக்குக் கதையைத் திருப்பிய பிறகுதான் அது பிடித்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய பாடம் பாகவந்தி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகும் அம்மா பாத்திரம். இப்படி இருந்தால் என்ன ஆகும் பாருங்கள் என்று காட்டத்தான் அவரை எழுதினார்கள். ஆனால் கணிசமான பார்வையாளர்கள் அவரையே தங்களுக்கு முன்மாதிரியாகச் சொன்னார்கள். இதில் மக்கள் மீது தவறு இல்லை. அதிகம் கஷ்டப்படுகிறவர் பக்கம்தான் மனம் சாயும். அதிக நேரம் குளோசப்பில் இருப்பவர் பக்கம்தான் சாயும். பொறுமையைத் தவறு என்று காட்ட விரும்பினால், அந்தப் பொறுமையால் அவர் மகளுக்கு என்ன இழப்பு வந்தது என்பதைக் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும். கண்ணீரை மட்டும் காட்டினால் அது புகழ்ச்சியாகத்தான் போய்ச் சேரும். இன்றும் அழுகிற நாயகியை வைத்துச் 'சமூகக் கருத்து' சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

யாரும் சொல்லாமலே போய்ச் சேர்வதும் உண்டு. பிரேசிலில் குளோபோ சேனல் எட்டிய பகுதிகளில் பிறப்பு விகிதம் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். தொடர்களில் யாரும் பிரசாரம் செய்யவில்லை. திரையில் வந்த குடும்பங்கள் சின்னவையாக இருந்தன, அவ்வளவே.

கேள்வி: ஒரு நாட்டில் ஓடிய கதை இன்னொரு நாட்டில் எப்படி ஓடுகிறது? டப்பிங் நல்லதா, ரீமேக் நல்லதா?

கொலம்பியாவில் 1999-ல் தொடங்கிய 'பெட்டி' கதையைப் பாருங்கள். அழகில்லாதவள் என்று ஒதுக்கப்படும் திறமைசாலிப் பெண், அழகை விற்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். 2003-ல் இந்தியாவில் இந்தியில் 'ஜஸ்ஸி'யாக, 2005-ல் ஜெர்மனியில், 2006-ல் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ரீமேக் ஆனது. எங்கும் மாறாமல் இருந்தது அந்த ஒற்றை வரிதான். அவள் அப்பா எப்படிப் பேசுவார், அலுவலகத்தில் யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக எழுதப்பட்டது. அமெரிக்காவில் அது வாரத் தொடர் என்பதால் கதையின் நடையே மாறியது. உறவுமுறைப் பேச்சில் நகைச்சுவை இருக்கும் கதைக்கு ரீமேக்தான் சரி.

டப்பிங்கில் முக்கியம், எந்த மொழி என்பதைவிட அந்த மொழியில் எந்தப் பேச்சு என்பது. துருக்கித் தொடர் ஒன்று 2008-ல் 'நூர்' என்ற பெயரில் அரபு நாடுகளில் கொடிகட்டிப் பறந்தது. ஏட்டு அரபியை விட்டுவிட்டு, சிரியாவின் பேச்சு அரபியில் டப் செய்திருந்தார்கள். பாத்திரங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலப் பேசினார்கள். நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். துருக்கியில் வாரம் ஒரு எபிசோட், இரண்டு மணி நேரத்துக்கு மேலும் போகும். வெளிநாட்டுக்கு விற்கும்போது அதை முக்கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். வெட்டும் இடத்தில் கொக்கி இல்லாவிட்டால் எபிசோட் சும்மா நின்றுபோனது போல் இருக்கும். இசையை ஏற்றி அதை மறைக்கப் பார்ப்பார்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 'டல்லாஸ்' தொடரை வெவ்வேறு சமூகத்தாரிடம் போட்டுக் காட்டி, பார்த்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள் எலிஹு காட்ஸ், தமார் லீப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள். அரபு மக்கள் யாருக்கு யார் உறவு, அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் பாத்திரங்களின் மனத்தைப் பற்றிப் பேசினார்கள். ரஷ்யாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்து குடியேறியவர்கள் கதையை விட்டுவிட்டு, இது என்ன சொல்லவருகிறது என்று கருத்தைப் பேசினார்கள். பார்த்தது ஒரே எபிசோட்தான்.

கேள்வி: ஓடிடியில் என் போனில் ஒரு படம், என் தங்கை போனில் அதே தொடருக்கு வேறு படம் வருகிறது. ஏன்?

ஆமாம், வேண்டுமென்றே செய்வதுதான். ஒரே தொடருக்குப் பல முகப்புப் படங்கள் வைத்திருந்து, நீங்கள் முன்பு பார்த்தவற்றை வைத்து உங்களுக்கு ஒன்று காட்டுவதாக நெட்பிளிக்ஸே 2017-ல் விளக்கியது. காதல் கதை பார்ப்பவருக்கு ஜோடி நிற்கும் படம், நகைச்சுவை பார்ப்பவருக்கு அதில் வரும் நகைச்சுவை நடிகர். இரண்டே காட்சியில் வருகிறவரின் முகத்தைப் போட்டு இழுத்தால் பத்து நிமிடத்தில் நீங்கள் ஏமாந்தது தெரிந்து மூடிவிடுவீர்கள். அது அவர்களுக்கும் நஷ்டம். முதல் சொடுக்கைவிட, கடைசி எபிசோட் வரை எத்தனை பேர் போனார்கள் என்பதுதான் அங்கே அடுத்த பருவத்தைத் தீர்மானிக்கும் பெரிய விஷயங்களில் ஒன்று.

ஒரே கணக்கை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால் பரிந்துரைகள் குழம்பும். ஆளுக்கொரு புரொபைல் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் போட்டதைப் பார்த்தவை பட்டியலிலிருந்து நீக்கினால் கொஞ்ச நாளில் சரியாகும்.

கேள்வி: தொடர் எழுத ஆசை. 'எட்டு வயது முதல் எண்பது வரை எல்லோரும் பார்க்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தவறு?

அந்த ஒரு வரிதான். எல்லோருக்கும் என்று எழுதினால் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள். கதைச் சுருக்கத்துக்கு முன்னால் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள்.

முதலில் நேரமும் கிழமையும். 'இரவு 7, தினமும்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, அந்த நேரத்தில் ரிமோட் யார் கையில், பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இந்தப் பக்கத்தில் இருப்பவர்தான். ரிமோட் வைத்திருப்பவருக்குக் கதை பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு எழுந்துபோகும் அளவுக்கு எரிச்சல் வரக்கூடாது. அவருக்கென்று ஒரு பாத்திரம் வையுங்கள், வாரத்துக்கு இரண்டு காட்சி போதும். பேரன் பாட்டியோடு உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஒரு குறும்புக்காரச் சித்தப்பா.

பிறகு அவருடைய கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வேலையில் இருந்தால் செய்தி வசனத்தில், ஓய்வாக இருந்தால் பார்வையில். அதன் பிறகு பார்க்கிறவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கேள்வி. 'வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது?', 'சம்பாதிக்கும் பெண் தன் பணத்தை யாரிடம் கேட்டுச் செலவழிப்பது?' என்ற மாதிரி. உங்கள் கதை அந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று விடை சொல்லும்படி இருந்தால் தினத்தொடர் ஓடும். ஒரே விடைதான் என்றால் அது படத்துக்கான கதை.

கடைசியாக, நிரந்தரப் பாத்திரங்கள் 12-க்குள், நிரந்தர இடங்கள் நான்கைந்து. தினத்தொடரில் புதிதாக வந்து சேர்கிறவர் ஒரே வாரத்தில் எல்லோரையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் முதல் எபிசோடை ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரவு ஏழு மணித் தொடர் என்றால், யார் பேசுகிறார் என்பது தெரியாமல் போகும் ஒவ்வோர் இடத்தையும் திருத்துங்கள்.

கேள்வி: புதுத் தொடர் எனக்கானதா என்று எவ்வளவு நேரத்தில் முடிவு செய்யலாம்?

தினத்தொடர் என்றால் முதல் எபிசோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறிமுகத்திலேயே அது போய்விடும். ஐந்தாவது எபிசோடைப் பாருங்கள். நடுவில் வரும் விளம்பரங்களையும் விடாமல் பாருங்கள், தயாரிப்பாளர்கள் யாரை எதிர்பார்க்கிறார்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். ஓடிடித் தொடர் என்றால் இரண்டாவது எபிசோடின் பாதி வரை. அதற்குள் யாராவது ஒரு பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று நீங்களாக யோசிக்க ஆரம்பித்திருந்தால் தொடருங்கள்.